மின்சாரக் காருக்குப் பனிச்சங்கிலி: பின் ரயரைப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. சுவிஸில் பேர்ண் நகருக்குப் பக்கத்தில் ஒரு கராஜில் நெடுங்காலமாகச் சில்லு, ரயர் வேலை பார்க்கிறவன் நான். வைத்தியர்களும் ஆசிரியர்களும் வந்து பேசுகிற இந்த வானொலி நிகழ்ச்சிக்கு ஒரு ரயர்க்காரனையும் கூப்பிட்டிருக்கிறார்கள், சந்தோசம். பனிச்சங்கிலி, அதாவது பனிப் பாதையில் சறுக்காமல் இருக்க ரயரைச் சுற்றிப் பூட்டுகிற சங்கிலி, அதைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். அதிலும் மின்சாரக் காருக்குப் பூட்டுகிற சங்கிலி. பேனை, தாள் தேட வேண்டாம். சமைத்துக்கொண்டிருப்பவர்கள் சமைத்துக்கொண்டே கேட்கலாம்.

ஒக்டோபர் பிறந்தால் எங்கள் கராஜில் நிற்க இடம் இருக்காது. கோடை ரயரைக் கழற்றி விண்டர் ரயர் பூட்டுகிற காலம். வருடத்துக்கு வருடம் அந்த வரிசையில் மின்சாரக் கார்கள் கூடிக்கொண்டு வருகின்றன. வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணை, இதுக்கு எந்தச் சங்கிலி நல்லது?" சங்கிலி செய்கிற கம்பனிகளில் கோனிக்கா, பெவாக்கா, ரூட்டா, எது மலிவு என்பதுதான் அவர்கள் மனதில். நான் திருப்பிக் கேட்பேன்: "உங்கட கார் முன் சில்லில ஓடுதோ, பின் சில்லில ஓடுதோ?" அதற்குப் பெரும்பாலும் பதில் வராது. நல்ல வேலை செய்கிற, படித்த ஆட்கள்தான். பற்றரி எத்தனை கிலோவாட் மணி என்று கேட்டால் உடனே சொல்லுவார்கள். எந்தச் சில்லு உருட்டுகிறது என்றால் மனைவியைப் பார்ப்பார்கள்.

நாங்கள் முதலில் வாங்கி ஓடிய கார்களில் பெரும்பாலானவை முன் சில்லால் இழுபட்டவை. இயந்திரம் முன்னுக்கு, இழுவையும் முன்னுக்கு. அதனால் சங்கிலி என்றாலே கை முன் சில்லுக்குப் போய்ப் பழகிவிட்டது. மின்சாரக் காரில் அந்தப் பழக்கத்தை நம்ப ஏலாது. ரெனோ ஸோயி, நிசான் லீஃப், ஹியுண்டாய் கோனா இவையெல்லாம் முன் சில்லில் ஓடுபவை. ஃபோல்க்ஸ்வாகன் ஐடி.3 பின் சில்லில் ஓடுவது. ஒற்றை மோட்டர் ரெஸ்லா மொடல் 3உம் அப்படித்தான். இரண்டு மோட்டர் உள்ள நாலு சில்லு இழுவைக் கார் என்றால், எந்தச் சில்லில் பூட்டலாம் என்பதை அந்தக் காரின் புத்தகம்தான் சொல்லும். ரெஸ்லாவில் இரண்டு மோட்டர் இருந்தாலும் பின் சில்லில் மட்டும் பூட்டு என்றுதான் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. உங்கள் அயலவரின் காரையோ மச்சானின் காரையோ பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

சட்டமும் இதையே பார்க்கிறது. மலைப் பாதையில் நீல வட்டத்துக்குள் சங்கிலி சுற்றிய ரயர் படம் போட்ட பலகை பார்த்திருப்பீர்கள். அது நின்றால், ஒரே அச்சில் உள்ள, காரை இழுக்கிற இரண்டு சில்லிலாவது சங்கிலி இருக்க வேண்டும். நாலு சில்லு இழுவைக்கும் அது பொருந்தும். கீழே இன்னொரு சிறு பலகையில் விலக்கு எழுதியிருந்தால் மட்டும் நீங்கள் தப்பலாம். "என்ர கார் ஓல்வீல்" என்று பொலிசுக்குச் சொல்லிப் பிரயோசனமில்லை. உதாரணத்துக்கு, மலையைக் கடக்கிற யூலியர் கணவாய் 2,284 மீற்றர் உயரம், குளிர்காலம் முழுக்கத் திறந்திருக்கும் பாதை. அந்த உயரத்தில் காலையில் தார், பின்னேரம் வெள்ளைப் பனி.

சரி, இனி நான் எங்கே போனாலும் சொல்லுகிற கதை. தெரிந்தவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

நத்தாருக்கு முதல் வாரம் ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, பின்னுக்கு இரண்டு பிள்ளைகள். கார் ஃபோல்க்ஸ்வாகன் ஐடி.4, ஒற்றை மோட்டர், பின் சில்லில் ஓடுவது. மலை ஊரான அடல்போடனில் வீடு எடுத்திருக்கிறார்கள், அடுத்த நாள் பயணம். கையில் புதுச் சங்கிலிப் பெட்டி. "அண்ணை, ஒருக்காப் பூட்டிக் காட்டுங்கோ" என்றார். ரயரில் எழுதியிருக்கிற இலக்கத்தைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார், அதில் பிழை சொல்ல ஏலாது: 235, 55, 19. பெட்டியிலும் அதே இலக்கம்.

நான் பின் சில்லுக்குப் போய்க் குந்தினேன். உள்பக்க வளையத்தைப் பின்னால் விட்டுக் கொளுவியாயிற்று. வெளிப்பக்கக் கொளுக்கி வரவில்லை. இரண்டு விரல் இடைவெளி. அவர் சொன்னார், "இழுத்தால் வரும் அண்ணை, புதுசுதானே." இரும்பு எங்கே இழுபடும்? எழும்பிப் பின் ரயரின் எழுத்தைப் பார்த்தேன். 255, 50, 19.

இங்கேதான் நேயர்களே, விசயம் இருக்கிறது. ஐடி.4, ஸ்கோடா என்யாக் போன்ற கார்களில் முன் ரயரும் பின் ரயரும் ஒரே அளவு இல்லை. முன்னுக்கு 235 மில்லிமீற்றர் அகலம், பின்னுக்கு 255. உயரத்தைக் கணக்குப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட 74 சென்ரிமீற்றர், வித்தியாசம் சில மில்லிமீற்றர்தான். பக்கத்தில் நின்று பார்த்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் அகலத்தில் 2 சென்ரிமீற்றர் கூட. சங்கிலி அந்த அகலத்தைத் தாண்டித்தானே கொளுவ வேண்டும்? எல்லாரும் சாரதிக் கதவைத் திறக்கும்போது கண்ணில் படுகிற முன் ரயரைத்தான் வாசிக்கிறார்கள். ஓடுவதோ பின் சில்லு.

அவர் விடவில்லை. "முன்னுக்குப் போட்டுப் பாப்பம்" என்றார். போட்டேன். அளவெடுத்துச் செய்தது போல வந்து நின்றது. "பாருங்கோ, எவ்வளவு வடிவாய்ப் பொருந்துது!" அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பொருந்துகிறதுதான், ஆனால் அந்தச் சில்லுக்கு மோட்டரே இல்லை. மனைவி அப்போதுதான் காரை விட்டு இறங்கி ஒன்று கேட்டா: "அப்ப முன்னுக்கு ஒரு சோடி, பின்னுக்கு ஒரு சோடி வாங்கினால்?" நல்ல கேள்வி. காரின் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். பின் அச்சில் மட்டும் என்று இருந்தது. முன் சில்லு ஸ்ரேறிங்கோடு திரும்புவது. முழுக்கத் திருப்பும்போது உள்பக்கத்தில் பிரேக் குழாய், ஏபிஎஸ் வயர், டாம்பர் எல்லாம் கிட்ட நிற்கும். தளர்ந்த சங்கிலி சுழலும்போது சவுக்கு மாதிரி அடிக்கும். அந்த வயர் அறுந்தால் சங்கிலியின் விலையை விடப் பெரிய பில் வரும். பெட்டி கசங்காமல் இருந்தபடியால் கடையில் மாற்றிக் கொடுத்தார்கள். மாற்றியது பின் ரயரின் இலக்கத்துக்கு.

இலக்கத்தை எப்படி வாசிப்பது என்று கேட்பீர்கள். 255 என்பது மில்லிமீற்றரில் அகலம். 50 என்பது அந்த அகலத்தில் எத்தனை வீதம் ரயரின் பக்கச் சுவர் என்பது. 19 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மூன்றும் பெட்டியில் இருக்க வேண்டும். "19 இஞ்சிக்கு ஒண்டு தாங்கோ" என்று கேட்டால் கடைக்காரரும் 19க்கு ஒன்று தருவார்! பழைய காரில் இருந்த சங்கிலியை எடுத்துக்கொண்டு வருபவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். இலக்கம் மூன்றும் ஒத்தால் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் விற்றுவிடுங்கள்.

அப்புறம் தடிப்பு. மின்சாரக் கார் பாரம் கூடினது. பற்றரியைச் சுமக்க அகலமான ரயர், பெரிய ரிம். காற்று தடுக்காமல் போக மட்காட்டுக்கும் ரயருக்கும் நடுவே இடம் குறைத்திருக்கிறார்கள். வழமையான கார்ச் சங்கிலியின் கண்ணி ரயருக்கு மேல் 9 மில்லிமீற்றர் அளவு நிற்கும். மெல்லியது 7. சில காரின் புத்தகத்தில் 9 வரை சரி என்று இருக்கும். சிலதில் இன்னும் மெல்லியது வேண்டும் என்று இருக்கும். சிலதில், இதைத்தான் கவனமாகக் கேளுங்கள், இந்த அளவு ரிம்முக்குச் சங்கிலியே பூட்டக் கூடாது என்று இருக்கும். கார் விற்கும் இடத்தில் அழகான 20, 21 அங்குல ரிம்மோடுதான் கார் நிற்கும். அதற்குச் சங்கிலி கிடையாது என்று புத்தகத்தின் நடுவில் ஒரு சின்ன அட்டவணையில் எழுதியிருக்கும். யார் அதை வாசிக்கிறார்கள்?

ஆகவே சங்கிலியைப் பற்றி யோசிக்க வேண்டியது விண்டர் ரயர் ஓடர் பண்ணுகிற அன்றைக்கு. பனி விழுந்த பிறகு யோசித்துப் பிரயோசனமில்லை, அப்போது ரிம் ஏற்கெனவே காரில் பூட்டியாயிற்று. புத்தகத்தைத் திறந்து, சங்கிலிக்கு அனுமதி உள்ள ரிம் அளவு எது என்று பார்த்து, விண்டர் ரயரை அந்த அளவில் எடுங்கள். பெரும்பாலும் அது அந்தக் காருக்குப் பொருந்தும் அளவுகளில் சிறியது, ரயரும் மலிவாக வரும். மலைப்பக்கம் போகாதவர்களுக்கு இது தேவையில்லை. ஆனால் வருடத்தில் ஒருமுறையாவது பிள்ளைகளைச் சறுக்க விடக் கூட்டிப் போகாத வீடு எங்கள் ஆட்களிலும் இப்போது குறைவு.

உள்பக்கத்தில் இடமே இல்லாத காருக்கு என்ன செய்வது? வெளிப்பக்கத்தால் பூட்டுகிற வகை இருக்கிறது. சில்லின் நட்டில் ஒரு பிடி பூட்டி, ரயரின் மேற்பரப்பில் மட்டும் சங்கிலி படிகிற மாதிரி. கோனிக்கின் கே-சமிற் அப்படியானது. ஸ்பைக்ஸ்-ஸ்பைடரும் வெளியால் பூட்டுவதுதான். ரயருக்குப் பின்னால் கை விட வேண்டாம், பூட்டுவதும் சுகம். விலை சில நூறு பிராங். ஒன்று கவனியுங்கள்: மின்சாரக் கார் ரிம்மில் காற்றுக்காக ஒரு பிளாஸ்ரிக் மூடி இருந்தால் அதைக் கழற்றினால்தான் நட்டுத் தெரியும். அதை வீட்டில் கழற்றிப் பாருங்கள். மலையில், இருட்டில், விரல் விறைத்த நேரத்தில் கழற்றினால் கிளிப் உடையும்.

வாங்கியதை வீட்டில் ஒருமுறை பூட்டிப் பாருங்கள். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லிவிட்டேன். நிலக்கீழ்த் தரிப்பிடம் இருக்கிறதே, அங்கே செய்யலாம். பூட்டி, சில்லு ஒரு சுற்றுச் சுற்ற மெதுவாக நகர்த்தி, உள்பக்கம் எங்காவது முட்டுகிறதா என்று ரோர்ச் அடித்துப் பாருங்கள். மலையில் பூட்டும்போது நூறு மீற்றர் போய் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். தானாக இறுகும் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் இறங்கிப் பாருங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரல் காட்டுகிறார். சரி, கெதியாகச் சொல்கிறேன். துணிச் சங்கிலி, சொக்ஸ் மாதிரி இருக்குமே, அதைப் பலர் கேட்கிறார்கள். இடம் குறைந்த காருக்கு அது நல்லதுதான். ஆனால் அந்த நீலப் பலகைக்கு சுவிஸ் சட்டம் ஏற்பது உலோகச் சங்கிலி, அல்லது அஸ்ட்ரா என்கிற கூட்டாட்சி வீதி அலுவலகம் அனுமதித்த வேறு பொருள். வாங்க முதல் கடையில் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஓடும்போது: மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் வேண்டாம். பெட்டியில் அதை விடக் குறைவாக இருந்தால் அந்த வேகம். மின்மோட்டரின் இழுவை மிதித்த உடனேயே வரும், சில்லு சுற்றினால் சங்கிலி அறும், ஆகவே மெல்ல மிதியுங்கள். காலை எடுத்தவுடன் தானாகப் பிரேக் பிடித்துப் பற்றரி ஏற்றுகிறதே, பின் சில்லில் ஓடுகிற காரில் இறக்கத்தில் அது பின்பக்கத்தைச் சறுக்க வைக்கப் பார்க்கும். அதைக் குறைவாக வையுங்கள். தார் தெரிந்தவுடன் ஒதுங்கி நின்று சங்கிலியைக் கழற்றுங்கள். காரின் முன்பக்கத்தில் சாமான் வைக்கிற பெட்டி இருந்தால் சங்கிலியை அதற்குள் வையுங்கள், பின்னுக்கு வைத்தால் பெட்டி படுக்கையெல்லாம் இறக்க வேண்டும். முழங்காலுக்கு ஒரு பாய், ரப்பர் கையுறை, தலையில் கட்டுகிற ரோர்ச். மறந்தாலும் பின் ரயரின் இலக்கம்... சரி தம்பி, முடித்துவிட்டேன். வணக்கம் நேயர்களே.