தலைச்சன் பிரசவமும் துணைக்குப் போகிறவர் கையும்

நேயர்களுக்கு வணக்கம். பிரசவ வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இன்றைக்கு நான் பேச வந்தது பிள்ளை பெறப்போகிற பெண்ணிடம் அல்ல. அவளோடு துணைக்குப் போகிற அம்மா, அத்தை, அக்காமார்களிடம்.

அரசு மருத்துவமனையில் பிரசவத்தின்போது உறவுக்காரப் பெண் ஒருவர் கூட இருக்கலாம் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் 2004-லேயே வந்துவிட்டது. வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போனாலும் சரி, ஊர்ப்பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் சரி, தாராளமாகக் கேட்கலாம். ஆனால் உள்ளே வருகிறவர் பல நேரம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். இல்லாவிட்டால், "கத்தாதடி, நாங்கள்லாம் பெத்துக்கலையா?" என்று அதட்டுகிறார். வாய்க்கு வேலை வேண்டாம், கைக்குத்தான் வேலை இருக்கிறது.

தலைச்சன் பிரசவம் நீளும். கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகும், முழுசாக 10 ஆவதற்கு 12 மணி நேரம் வரை பிடிக்கலாம். அதற்கு முன்னால் விட்டு விட்டு வரும் வலி இந்தக் கணக்கில் சேராது. இவ்வளவு நேரமும் அந்தப் பெண் தாங்க வேண்டும். வலி வயிற்றில் மட்டும் இருப்பதில்லை, அடி முதுகையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும். குழந்தையின் பின்தலை தாயின் முதுகுப் பக்கம் இருந்துவிட்டால் இடுப்பே கழன்றுவிடும் போல இருக்கும்.

அங்கேதான் கை போக வேண்டும். வயிற்றில் அல்ல. இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற தட்டையான எலும்பின் மேல் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, வலி ஏறும்போது அழுத்திப் பிடியுங்கள். இறங்கியதும் அழுத்தத்தை விட்டு, முதுகை மேலிருந்து கீழாக மெதுவாக நீவுங்கள். கட்டைவிரலால் அமுக்கினால் கொஞ்ச நேரத்தில் விரல் செத்துவிடும். உடம்பின் பாரத்தைக் கொடுங்கள். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் பீடி சுற்றிப் பழகிய பெண்களுக்கு விரலில் நல்ல பலம் உண்டு, அவர்களும்கூட விரலை நம்ப வேண்டாம். பெண் ஒருக்களித்துப் படுத்திருந்தாலோ, கட்டிலைப் பிடித்துக் குனிந்து நின்றாலோ முதுகு வாகாகக் கிடைக்கும்.

குழந்தை முட்டியில் இடித்துக்கொண்டால் நாம் தேய்த்துவிடுவதில்லையா? தொடுகிற உணர்வு தண்டுவடத்தில் வலியின் சேதியை ஓரளவு மட்டுப்படுத்துகிறது என்று 1965-இல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். விரும்பும் பெண்களுக்கு நீவிவிடலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2018-இல் பரிந்துரைத்தது. வலி போய்விடும் என்று நான் சொல்லவில்லை. கொஞ்சம் குறையும். ஊசி, மருந்து கேட்கிற பெண்ணை, "அதான் பிடிச்சு விடறேனே" என்று தடுக்காதீர்கள்.

விரும்பும் பெண் என்று சொன்னேனே, அதைக் கவனியுங்கள். முதலில் "இன்னும் அழுத்தும்மா" என்றவளே கடைசிக் கட்டத்தில் "தொடாதே!" என்று கையைத் தட்டிவிடுவாள். கோபித்துக்கொள்ளாமல் விட்டுவிடுங்கள். மறுபடி அவளே கூப்பிடுவாள்.

குழந்தை சீக்கிரம் வரட்டும் என்று மேல்வயிற்றைத் தள்ளுவது, அமுக்குவது, வயிற்றில் விளக்கெண்ணெய் போட்டு உருவுவது, இதெல்லாம் கூடவே கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் வலித்தால் அதையும் தேய்க்கக் கூடாது. ரத்தம் உறைந்திருக்கலாம், சிஸ்டரைக் கூப்பிடுங்கள். ரத்தப்போக்கு இருந்தாலும், வலிக்கு நடுவே வயிறு தளராமல் கல் மாதிரி இருந்தாலும், அந்த நிமிடமே கூப்பிட வேண்டும்.

ஒன்பதாம் மாதத்திலேயே வீட்டில் முதுகைப் பிடித்துவிட்டுப் பழகுங்கள். எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று அவள் வாயாலேயே சொல்லட்டும். நம் வேலூர் வெயிலில் வியர்வையில் கை வழுக்கும், ஒட்டும். ஒரு துண்டும், வார்டில் அனுமதித்தால் சின்னக் குப்பியில் தேங்காய் எண்ணெயும் எடுத்துப் போங்கள். நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள். வளைகாப்புக்குப் போட்டுக்கொண்ட கண்ணாடி வளையல் உங்கள் கையில் இருந்தால் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள், முதுகில் குத்தும். கிளம்பும் முன் நீங்களும் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ராத்திரி முழுக்க நிற்க வேண்டியிருக்கும். வணக்கம்.