அளந்து போட்ட தெருக்கள்

அவைத் தலைவர் அவர்களே, வேலை நாளிலும் நேரம் தவறாமல் வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் நெடுஞ்சாலை, நகரமைப்புப் பொறியாளர்களே, எனக்கு முன்னால் பேசி என் வேலையைக் கடினமாக்கிவிட்ட பேராசிரியர் அவர்களே, என்னை அழைத்த மாணவர் மன்றத்தாரே, நாற்காலி கிடைக்காமல் பின்னால் நிற்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். பேராசிரியர் மென்பொருளைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டதால் அந்தப் பக்கம் நான் போகப்போவதில்லை.

நகர வடிவமைப்பில் பாராமெட்ரிக் சிந்தனை என்பது தலைப்பு. பாராமீட்டர் என்றால் அளவுரு, மாற்றிப் பார்க்கக்கூடிய ஓர் எண். மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன். அது என்ன, அதை முன்னால் செய்து பார்த்தவர் யார், அதில் வரும் எண்களை முடிவு செய்யும் உரிமை யாருக்கு.

வழக்கமாக நாம் தெருவையும் கட்டடத்தையும் கோடு கோடாக வரைகிறோம். பாராமெட்ரிக் முறையில் கோடுகளுக்கு இடையில் உள்ள உறவை எழுதுகிறோம். கட்டட உயரம் தெரு அகலத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகக் கூடாது என்று எழுதிவிட்டோம், சரி. இப்போது திரையில் தெரு அகலத்தை 12 மீட்டரிலிருந்து 10-க்குக் குறையுங்கள். 18 மீட்டர் கட்டடங்களெல்லாம் 15-க்கு இறங்கிவிடும். ஒரு மாடி போயிற்று. அந்த மாடியில் இருக்க வேண்டிய குடும்பங்கள் எங்கே போகும் என்ற கேள்வி அங்கேயே வந்து நிற்கும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். ஆற்றுக்கே அளவு என்றால் தெருவுக்கு வேண்டாமா?

2008-இல் பட்ரிக் ஷூமாக்கர் என்ற கட்டடக் கலைஞர் இதை ஒரு பாணியாகவே அறிவித்தார். அதிலிருந்து, கட்டடம் வளைந்து நெளிந்தால்தான் பாராமெட்ரிக் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1916-இல் நியூயார்க் ஒரு சட்டம் போட்டது. தெரு அகலத்தை ஒட்டிய ஓர் உயரம் வரை நேராகக் கட்டு, அதற்கு மேல் உள்வாங்கிக் கட்டு, மனையில் கால் பங்குக்கு மட்டும் எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் போ. கணினியே இல்லாத காலம். அடுக்கடுக்காக ஒடுங்கும் அந்த ஊர்க் கட்டடங்கள் அந்தச் சட்டம் வரைந்தவை.

அதற்கும் முந்தைய கதை ஸ்பெயினின் பார்சிலோனாவில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்த ஊர் கோட்டை மதிலுக்குள் மூச்சு முட்டிக் கிடந்தது. காலரா வந்தது. 1854-இல் மதிலை இடிக்கத் தொடங்கினார்கள். வெளியே வெட்டவெளி. இல்டெஃபொன்ஸ் செர்தா என்று ஒரு பொறியாளர், குடும்பச் சொத்து கைக்கு வந்ததும் அரசு வேலையை விட்டவர். சொத்து வந்தால் மனிதன் என்ன செய்வான்? இவர் தொழிலாளர் குடும்பங்களைக் கணக்கெடுக்கக் கிளம்பினார். கூலி எவ்வளவு, வாடகை எவ்வளவு, படுக்க இடம் எவ்வளவு, மூச்சு விட ஒருவருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பது வரை எழுதினார். அந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான் பக்கத்துக்கு 113 மீட்டர் என்ற சதுர மனைத்தொகுதி. வண்டி திரும்ப வசதியாக மூலைகளை வெட்டிவிட்டார். எல்லா முகப்புக்கும் வெயில் படும்படி தெருக்களைத் திசைக்குச் சாய்வாகத் திருப்பினார். நகராட்சியோ 1859-இல் போட்டி வைத்து வேறொருவருக்குப் பரிசு கொடுத்தது! தலைநகர் மாட்ரிட்டில் இருந்த அரசு குறுக்கே வந்து செர்தாவின் திட்டத்தைத்தான் கட்ட வேண்டும் என்றது. ஊருக்கு அவர்மேல் கோபம். அப்புறம் நிலக்காரர்களின் முறை. மனைத்தொகுதியில் இரண்டு பக்கம் மட்டும் கட்டு, நடுவில் தோட்டம் விடு, 16 மீட்டருக்கு மேல் போகாதே என்பது அவர் கணக்கு. மூன்றாவது பக்கம் எழும்பியது, நான்காவதும் எழும்பியது, தோட்டத்தில் பட்டறையும் கிடங்கும் வந்தன, உயரமும் ஏறியது. இதற்கெல்லாம் அனுமதி கொடுத்த கை ஒன்று இருந்திருக்கும், இல்லையா? ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள். அளந்ததை ஆற்றில் போடச் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று நிலைத்தது, நான் வந்ததே அதைச் சொல்லத்தான். அவருடைய தெரு அகலம் 20 மீட்டர். அதில் 10 வண்டிக்கு, இரு பக்கமும் ஐந்தைந்து நடப்பவருக்கு. 8 மீட்டருக்கு ஒரு மரம். தெருவில் பாதி நடப்பவருக்கு! எந்த மேடை ஏறினாலும் இதைத்தான் பேசுவேன் என்பது தலைவருக்குத் தெரியும், தெரிந்தேதான் கூப்பிட்டார்.

இன்றைய கணினி மாதிரிகளில் தளப்பரப்பு உண்டு, மணிக்கு இத்தனை வண்டி என்ற எண் உண்டு. நடைபாதையில் நிழல் என்று ஒரு வரி பெரும்பாலும் இருப்பதில்லை. சூரியன் உச்சிக்கு வரும் நாடுகளில் நண்பகலில் கட்டடம் நிழல் தராது, மரம்தான் தர வேண்டும். 6 மீட்டர் விரியும் மரத்தை 8 மீட்டருக்கு ஒன்றாக வைத்தால் நடுவில் 2 மீட்டர் வெயில். 12-க்கு ஒன்றாக வைத்தால் பாதி வழி வெயில். வேருக்கு மண் வேண்டும். வடிகாலும் கேபிளும் முதலில் இடம் பிடித்துவிட்டால் மரத்துக்கு மிஞ்சுவது ஒரு குழி. இவ்வளவும் அளவுருதான், எழுதி வைத்தால் கணினி கணக்குப் போடாதா?

நேரம் முடிந்தது என்று சீட்டு வந்துவிட்டது. மூன்றாவது செய்தியைப் பேராசிரியர் இன்னொரு நாள் பேசுவார். பொறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாலையை அகலப்படுத்தும் வரைபடம் அடுத்து உங்கள் மேசைக்கு வரும்போது நடைபாதை அகலத்தையும் மர இடைவெளியையும் முதலில் பூட்டிவிட்டு, வண்டித்தடத்தை மிச்சத்தில் போடுங்கள். இதைக் கேட்டு எழுதிய மனு வாசலில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.