வல்லூறும் வேட்டைக்காடும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் மொரிசியஸ் நாட்டு அரசுச் சின்னத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கேடயத்தைத் தாங்கி ஒரு பக்கம் டோடோ, மறுபக்கம் மான், இரண்டின் முன்னாலும் கரும்பு. டோடோ அழிந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மானை 1639-இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். கரும்பும் அவர்கள் கொண்டுவந்ததுதான். கேடயத்தைத் தாங்கி நிற்பவற்றுள், இந்தத் தீவுக்கே உரியதாய் இன்றும் உயிரோடு இருப்பது ஒன்றுமே இல்லை. 2022-இல் மொரிசியஸ் வல்லூறைத் தேசியப் பறவையாக அறிவித்தார்கள். அந்தக் குறை பாதியாவது தீர்ந்தது.

நான் வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முட்டையிடும் காலத்தில் கூடு பார்க்கப் போகும் குழுவோடு இப்போதும் மலைக்குப் போய்வருகிறேன். நான்கு பறவை நானூறு ஆன கதையைச் சொல்லுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள். அந்தக் கதையைப் பள்ளிப் பிள்ளைகளே சொல்வார்கள். ஆகவே அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அதற்குப் பின் நடந்ததற்கு வருகிறேன். எனக்குக் கவலை அங்கேதான் இருக்கிறது.

முதலில் பறவை. இன்று நம் தீவில் வாழும் ஒரே பகல்நேர வேட்டைப்பறவை இது. கால் கிலோகூடத் தேறாத உடம்பு, தவிட்டு நிற முதுகு, வெண்மார்பில் கரும்புள்ளிகள். பெரிய நிலப்பரப்புகளில் உள்ள வல்லூறுகளுக்கு நீண்டு கூரான இறக்கை இருக்கும். இதற்கோ குட்டையாய் வட்டமான இறக்கை. வெட்டவெளியில் விரைவதற்கு ஆனதல்ல அது. மரத்துக்கு மரம் வளைந்து புகுந்து செல்வதற்கு ஆனது. முக்கிய இரை பச்சைப் பல்லி. மரத்தண்டில் வெயில் காயும் பல்லியை ஆண் பறவை கொத்திக்கொண்டு வந்து குரல் கொடுக்கும். பெண் எழுந்து பறந்து நடுவானிலேயே வாங்கிக்கொள்ளும். குச்சி பொறுக்கிக் கூடு கட்டும் வழக்கம் வல்லூறு இனத்துக்குக் கிடையாது. மரப்பொந்தோ பாறைக் குழியோ கிடைத்தால் முட்டை. கிடைக்காவிட்டால் அந்த ஆண்டு இல்லை. காடு என்றால் இதற்கு இரண்டே தேவைகள்: பல்லி நிறைந்த மரங்கள், பொந்து விழும் அளவுக்கு வயதான மரங்கள்.

நாம் அழித்ததும் அந்த இரண்டைத்தான். கருங்காலிக்காக டச்சுக்காரர்கள் வெட்டினார்கள். கரும்புக்காகப் பின்னால் வந்தவர்கள் வெட்டினார்கள். அந்த வெட்டில் நம் முன்னோரின் கையும் உண்டு, ஒப்பந்தக் கூலியாக. 1866 முதல் 1868 வரை மலேரியா வந்து தலைநகரையே காலி செய்தது. பிழைத்தவர்கள் குளிர்ந்த மேட்டுநிலத்துக்கு ஏறினார்கள். கியூர்பிப் போன்ற ஊர்கள் பெருகின. மேட்டுக்காடு மேலும் சுருங்கியது. அதோடு குரங்கு, பூனை, கீரி. பொந்தில் கைவிட்டு முட்டை எடுக்கக் குரங்குக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, கோழிக்குஞ்சைத் தூக்கிப் போகிறது என்று பழிபோட்டு மனிதர்களும் சுட்டார்கள். பல்லி பிடிக்கும் பறவைக்குக் கோழி திருடன் என்ற பட்டம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலேரியாவை ஒழிக்க டி.டி.டி. என்னும் பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். அது பூச்சியிலிருந்து பல்லிக்கும், பல்லியிலிருந்து வல்லூறுக்கும் ஏறியது. அந்த நஞ்சு ஏறிய வேட்டைப்பறவைகளின் முட்டை ஓடு மெலிந்து அடைகாக்கும்போதே உடையும் என்பது உலகம் முழுவதும் கண்டது. இங்கும் வீழ்ச்சிக்கு அது ஒரு முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. மருந்து தெளித்தவர்களைத் திட்டும் சிலரைக் கண்டிருக்கிறேன். அதில் எனக்கு உடன்பாடில்லை. மலேரியாவில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் அந்த மருந்தை வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியாது.

1974-இல் காட்டில் எஞ்சியவை என்று தெரிந்த பறவைகள் நான்கு. முந்தைய ஆண்டுதான் கூண்டில் வளர்க்கும் முயற்சி தொடங்கியிருந்தது. அது சரியாகப் பிடிபடவில்லை. அந்த ஆண்டு ஒரு ஜோடி மரப்பொந்தை விட்டுவிட்டுக் குரங்கு ஏற முடியாத செங்குத்துப் பாறையில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தது. இனம் தப்பியதற்கு நாங்கள் செய்த எதையும்விட அதுவே முதல் காரணம் என்பேன். 1979-இல் வேல்ஸ் நாட்டிலிருந்து கார்ல் ஜோன்ஸ் என்ற இளைஞர் வந்தார். திட்டத்தை மூடிவிட்டு வரும்படி அனுப்பப்பட்டவர், மூடவில்லை. முதல் ஈட்டு முட்டைகளை எடுத்து அடைகாப்பானில் வைத்தால் தாய் மறுபடி முட்டையிடும், அதைச் செய்தார். வெள்ளெலி கொடுத்து ஊட்டினார், முட்டையிட மரப்பெட்டி வைத்தார், கூட்டைச் சுற்றிக் கீரியையும் பூனையையும் பிடித்தார். 1994 வரையில் காட்டில் விடப்பட்டவை 333 பறவைகள். தீவிர வேலை அத்துடன் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் பிளாக் ரிவர் பள்ளத்தாக்குகள் நம் முதல் தேசியப் பூங்கா ஆயின.

கதையை இங்கே நிறுத்தினால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் 2014-இல் இந்தப் பறவை மறுபடியும் அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் உலகப் பட்டியலுக்குத் திரும்பியது. மோக்கா மலைத்தொடரில் விட்ட கூட்டம் நிலைக்கவில்லை. ஒரு காலத்தில் ஐந்நூறுக்கும் மேல் இருக்கும் என்று நம்பினோம். முறையாகத் தேடிப் பார்த்தபோது அவ்வளவு இல்லை என்று தெரிந்தது. பறவையைப் பெருக்கினோம். அது இருந்து வாழ வேண்டிய காட்டைப் பெருக்கவில்லை.

தென்மேற்கே பூங்கா இருக்கிறது. கிழக்கே, மாயேபூருக்கு மேலே எழும் பாம்பூ மலைகளில் அப்படி எதுவும் இல்லை. 1950-களிலேயே அங்கே வல்லூறு அற்றுப்போயிருந்தது. 1987 முதல் கொண்டுவந்து விட்டார்கள். அந்த மலைகளில் பெரும்பகுதி தனியார் நிலம், மான் வேட்டைக்காக வைத்திருப்பது. இப்படிப்பட்ட வேட்டைக்காட்டை ‘ஷாசே’ என்றால் எல்லோருக்கும் தெரியும். சரிவில் காடு, கீழே புல்வெளி, அதற்கும் கீழே கரும்பு. நம் வீட்டு மான்கறி அங்கிருந்துதான் வருகிறது.

ஷாசேயைப் பற்றி இயற்கை ஆர்வலர்கள் கடுமையாகப் பேசுவார்கள். நியாயம் இருக்கிறது: மான் கூட்டம் புதிதாக முளைக்கும் நாட்டு மரக்கன்று ஒன்றையும் விட்டுவைப்பதில்லை. கிழட்டு மரம் விழுந்தால் அதன் இடத்துக்கு வாரிசு கிடையாது. ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மான் இருப்பதால்தான் அந்தச் சரிவுகள் கரும்பாகவும் விடுதியாகவும் மாறாமல் மரத்தோடு நிற்கின்றன. வேட்டைக்காரர் காட்டைக் காப்பது மானுக்காக. வல்லூறு அதன் ஓரத்தில் ஒண்டிக்கொள்கிறது. இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டால், பிடிக்கவில்லை. மாற்று என்ன என்று கேட்டால், நில உரிமையாளரோடு உட்கார்ந்து பேசுவதைத் தவிர வேறு தெரியவில்லை.

அந்தக் கிழக்கு மலைக் கூட்டத்தைப் பற்றி நமக்குத் தெரிந்த அளவு உலகில் வெகுசில காட்டுப்பறவைகளைப் பற்றியே தெரியும். காரணம் வளையம். குஞ்சு கூட்டை விட்டுக் கிளம்பும் முன் அதன் கால்களில் வண்ண வளையங்கள் மாட்டப்படும். ஒவ்வொரு பறவைக்கும் ஒரு சேர்க்கை. பிறகு அது எங்கே குடியமர்ந்தது, யாரோடு சேர்ந்தது, எத்தனை குஞ்சு பொரித்தது, எந்த ஆண்டில் காணாமல் போனது என்பதெல்லாம் ஏட்டில் ஏறுகிறது. மொரிசியஸ் வனவிலங்கு அறக்கட்டளையும் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகமும் சேர்ந்து, 1987-இல் விடப்பட்ட முதல் பறவைகளிலிருந்தே இதைத் தொடர்ந்து எழுதி வந்திருக்கின்றன. சலிப்பூட்டும் வேலை. காலை முழுவதும் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்று, வந்த பறவை இலைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் கால் தெரியாது. மறுநாளும் போக வேண்டும்.

அந்த ஏடுகள் சொல்லும் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்.

முதலாவது மழை. ஆகஸ்ட், செப்டம்பரில் மழை நாட்கள் கூடினால் பெண் பறவை முட்டையிடுவதைத் தள்ளிப்போடுகிறது. மழையில் பல்லி வெளியே வராது, இரை கிடைக்காது. தள்ளிப்போன முட்டை பொரியும்போது ஆண்டின் கடைசி வந்துவிடும். புயல் காலப் பெருமழை குஞ்சின் தலையில் விழும். முட்டையிலிருந்து குஞ்சு வர ஒரு மாதம், குஞ்சு பறக்க இன்னுமொரு மாதத்துக்கு மேல். பிந்தினால் பிடிக்க இடைவெளி இல்லை. அந்த ஆய்வுக் காலத்திலேயே மழை நாட்களும் கூடின, முட்டையிடும் தேதியும் தள்ளிப்போனது.

இரண்டாவது, பிறந்த இடம். என்னைத் தூங்கவிடாமல் செய்த செய்தி இது. 2014-இல் வெளிவந்த ஆய்வு. கரும்பும் திறந்த நிலமும் சூழ்ந்த இடத்தில் பிறந்த பெண் வல்லூறு, நல்ல காட்டில் பிறந்ததைவிட இளமையிலேயே அதிகம் குஞ்சு பொரிக்கிறது. பிறகு சீக்கிரமே தளர்ந்துவிடுகிறது. வளர்ந்தபின் நல்ல காட்டுக்குக் குடிபெயர்ந்தாலும் அந்தத் தழும்பு போவதில்லை. கூட்டில் இருந்த சில வாரங்கள் ஒரு பறவையின் ஆயுளையே எழுதிவிடுகின்றன. தலை எண்ணிக்கை மட்டும் பார்ப்பவருக்கு இது புலப்படாது. குஞ்சு வந்தது, எண்ணிக்கை சரி என்று போய்விடுவார்.

சரி, வேறு காட்டுக்குப் போய்விடலாமே என்பீர்கள். போகாது. பெரும்பாலானவை பிறந்த இடத்திலிருந்து சில கிலோமீட்டருக்குள்ளேயே குடியமர்கின்றன. கிழக்குக் கூட்டத்துக்கும் தென்மேற்குக் கூட்டத்துக்கும் இடையில் ஊரும் கரும்பும் நிறைந்த சமவெளி. நம் பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணம். வல்லூறுக்கு அது கடல். இரண்டு கூட்டங்களும் உள்ளுக்குள்ளேயே சம்பந்தம் செய்துகொண்டு கிடக்கின்றன. அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய பறவைத் தோல்களை ஆராய்ந்தவர்கள், ஒரு நூற்றாண்டுக்கு முன் இந்த இனத்தில் பெரிய நிலப்பரப்பு வல்லூறுகளுக்கு நிகரான மரபுவளம் இருந்ததென்று கண்டார்கள். இன்றைய பறவைகளில் அதில் மிகச் சிறு பங்குதான் இருக்கிறது. அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. இருப்பதைக் கலக்கவிடுவதுதான் வழி. ஒரு மலையில் பிறந்த சில குஞ்சுகளை இன்னொரு மலையில் கொண்டு விடுவது அதற்காகத்தான். அது ஒருமுறை செய்து முடிக்கும் வேலையாக இருக்க முடியாது என்பது என் கருத்து.

காட்டுக்கு வருவோம். பிளேன் ஷாம்பாஞ் பக்கம் சீனக் கொய்யா பழுக்கும் காலத்தில் பாதி நாடு அங்கே நிற்கும். உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்பதற்கு நானும் குடும்பத்தோடு போகிறவன்தான். அந்தக் கொய்யாதான் நம் காட்டின் கழுத்தைப் பிடித்திருக்கிறது. பறவையும் பன்றியும் விதையைப் பரப்ப, நாட்டு மரத்தின் அடியில் வேலிபோல் நெருங்கி வளர்ந்து, எந்தக் கன்றும் தலைகாட்ட விடாது. பூங்காவில் சில திட்டுகளை வேலியடைத்துக் கொய்யாவைக் கையால் பிடுங்கியிருக்கிறார்கள். பிடுங்கிய இடத்தில் நாட்டுக் கன்றுகள் தாமாகவே எழும்புகின்றன. ஆனால் மறுபடி மறுபடி பிடுங்க வேண்டும். கூலி ஆள் தேவை, பணம் தேவை. கன்று வைக்கும் விழாவுக்கு அமைச்சர் வருவார், படம் எடுப்பார்கள். களை பிடுங்க யாரும் வருவதில்லை. இதைச் சொல்ல எனக்கு ஓய்வூதியம் தேவைப்பட்டது.

இன்று வைக்கும் கன்றில் பொந்து விழ நூறு ஆண்டுகள் ஆகலாம். அதுவரை பெட்டி. கிழக்கு மலைகளில் கணிசமான வல்லூறுகள் மரப்பெட்டியில்தான் முட்டையிடுகின்றன. பெட்டி மழையில் உளுத்துப்போகும், புயலில் விழும். திறந்து பார்த்தால் உள்ளே மைனா குடியிருக்கலாம், தேனீ குடியிருக்கலாம். குரங்கு தாவ முடியாத இடமாகப் பார்த்து மாட்ட வேண்டும். எளிய தச்சுவேலைதான், ஆண்டு தவறாமல் செய்ய ஆள் இருக்க வேண்டும் என்பதுதான் அருமை. நம் இளைஞர்கள் காவடிக்கு விரதம் இருந்து, கோர் தெ கார்த் மலைக்கோயிலுக்குப் பால்குடம் சுமந்து ஏறுகிறார்கள். காவடி இறங்கியதும் மலையை மறந்துவிடுகிறார்கள். ஏணி சுமக்கவும் அதே தோள் போதும்.

வியே கிரான் போர், பெர்னே பள்ளத்தாக்கு, மலையடி ஊர்களில் இருக்கும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். செப்டம்பரிலிருந்து உங்கள் வீட்டுக்கு மேலே அது வட்டமிடுவதைப் பார்க்கலாம். கால் தெரிந்தால் வளையத்தின் நிறத்தையும், நாளையும், இடத்தையும் குறித்து அறக்கட்டளைக்கோ தேசியப் பூங்காத் துறைக்கோ சொல்லுங்கள். எந்த நிறம் இடது காலில், எந்த நிறம் வலது காலில், ஒரே காலில் இரண்டு இருந்தால் எது மேலே என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நிறம் மட்டும் தெரிந்தால் அது எந்தப் பறவை என்று கண்டுபிடிக்க முடியாது. பெட்டி இருக்கும் மரத்தைக் கண்டால் அருகே போகாதீர்கள். உங்கள் தடத்தைப் பார்த்துக் குரங்கும் வரும்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.