ஜின்னுக்குள் ஒரு கைப்பிடிப் பச்சிலை

நேயர்களுக்கு வணக்கம். பச்சை இலைகளைக் கொண்டு வீட்டிலேயே ஜின் காக்டெய்ல் தயாரிப்பது குறித்துப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். புதினா, ரோஸ்மேரி, தைம் என்று இதற்குரிய இலைகள் பல இருந்தாலும், ஒரே ஒரு பானத்தை எடுத்துக்கொண்டு அதை முழுமையாகச் சொல்வதே பயன் தரும் என்று கருதுகிறேன். அந்தப் பானம் ஜின் பேசில் ஸ்மாஷ். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், லே லியோன் என்னும் மதுக்கூடத்தில், யோர்க் மையர் 2008ஆம் ஆண்டு இதை உருவாக்கினார். இலையை நசுக்கி மதுவோடு சேர்க்கும் ஸ்மாஷ் வகை அவருக்கு வெகுகாலம் முந்தியது. அமெரிக்காவில் ஜெர்ரி தாமஸ் 1862இல் வெளியிட்ட செய்முறை நூலிலேயே ஜின் ஸ்மாஷ் இருக்கிறது. ஆனால் அதில் சேர்ந்தது புதினா. மையர் பேசிலைக் கொண்டுவந்தார். அதையும் அலங்காரத்துக்கு இரண்டு இலையாக அல்லாமல் ஒரு கைப்பிடி நிறைய அள்ளிப் போட்டார்.

பேசில் என்றதும் பலர் துளசியை நினைக்கிறார்கள். இரண்டும் ஒரே பேரினத்துச் செடிகள்தாம். எனினும் துளசியில் கிராம்பின் காரம் மேலோங்கி நிற்கும், இந்தப் பானத்துக்கு அது பொருந்தாது. பேசிலுக்குத் தமிழில் திருநீற்றுப்பச்சிலை என்று அழகான பெயர் இருக்கிறது. சர்பத்தில் நாம் ஊறவைத்துப் போடும் சப்ஜா விதை இந்தச் செடியின் விதையே.

இந்த இலை ஜின்னோடு ஏன் இவ்வளவு இசைகிறது என்பதை அறிந்துகொண்டால் செய்முறை தானாகவே விளங்கும். ஜின்னுக்கு அடிப்படை வாசனை ஜூனிபர் என்னும் ஊசியிலைச் செடியின் கனி. அதற்கு அடுத்தபடியாகப் பெரும்பாலான ஜின்களில் சேர்வது கொத்துமல்லி விதை. அந்த விதையின் எண்ணெயில் மிகுந்திருக்கும் லினலூல் என்னும் மணப்பொருள் இனிப்பு வகைப் பேசில் இலையிலும் நிறைய உண்டு. ஆகவே, நாம் இலையைச் சேர்க்கும்போது புட்டிக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒரு மணத்தையே பசுமையாக்கி உயர்த்துகிறோம்.

ஒருவருக்கு வேண்டிய அளவு இது: ஜின் 60 மில்லிலிட்டர், அப்போது பிழிந்த எலுமிச்சைச் சாறு 25 மில்லிலிட்டர், சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கரைத்த பாகு 20 மில்லிலிட்டர், காம்பு நீக்கிய பேசில் இலை ஒரு கைப்பிடி. மேல்நாட்டு மஞ்சள் எலுமிச்சைக்குச் சொன்ன அளவு இது; நம் சிறிய எலுமிச்சையின் சாறு நாக்கில் கூர்மையாகப் படுவதால் நான் 20 மில்லிலிட்டரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தனிக் கருவிகள் எதுவும் தேவையில்லை. இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிச் சீசாவில் இலையையும் எலுமிச்சைச் சாற்றையும் இட்டு, பருப்பு கடையும் மத்தால் நன்றாக நசுக்குங்கள். புதினாவை மெல்ல அழுத்தினால் போதும், மிகுதியாக நசுக்கினால் கசக்கும் என்பார்கள். அந்தப் பழக்கத்திலேயே பேசிலையும் முதன்முறை நான் தொட்டும் தொடாமலும் அழுத்தியபோது, நிறமும் மணமும் இல்லாத எலுமிச்சைச் சாறுதான் கிடைத்தது. மறுமுறை மிக்ஸியில் அரைத்தேன். இலைத்தூள் வடிகட்டியையும் கடந்து வந்து தொண்டையில் பச்சை வாடையாக நின்றது. மத்தின் ஏழெட்டு அழுத்தங்களே சரியான நடுவழி. வெட்டுப்பட்ட இலை காற்றுப்பட்டால் கறுக்கும். சாற்றின் புளிப்பு அதைத் தாமதப்படுத்துவதால்தான் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து நசுக்கச் சொல்கிறேன்.

பிறகு பாகையும் ஜின்னையும் ஊற்றி, சீசா நிறையப் பனிக்கட்டி போட்டு, பன்னிரண்டு நொடிகள் வேகமாகக் குலுக்குங்கள். பனிக்கட்டி சிறிது உருகித் தண்ணீர் கலப்பது இந்தப் பானத்துக்கு அவசியம். அந்தக் கட்டி மீனும் மசாலாவும் இருக்கும் உறைபெட்டியில் நாள்கணக்கில் கிடந்ததாக இருக்கக் கூடாது. அந்த வாடை முழுவதும் குவளைக்கு வந்துவிடும். புதுப் பனிக்கட்டி இட்ட குவளையில் தேநீர் வடிகட்டியால் வடித்தால், இளந்தளிரின் நிறம் ஒன்று கண்ணுக்கு வரும். அந்த நிறம் நெடுநேரம் நிற்காது, எனவே விருந்தினர் வந்து அமர்ந்த பின்னரே தயாரியுங்கள்.

இலையைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். பேசில் வெப்பநாட்டுச் செடி. அந்தக் குளிரில் இலை கறுத்துப்போகும். கீரைக்கட்டைப் போலத் தண்ணீர்க் குவளையில் நிறுத்தி வெளியிலேயே வையுங்கள்.

அளவு குறித்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 40 சதவீத ஜின் 60 மில்லிலிட்டரில் சுமார் 19 கிராம் ஆல்கஹால் இருக்கிறது; அது 5 சதவீத பியர் சிறு புட்டிகள் ஒன்றரைக்குச் சமம். புளிப்பும் இனிப்பும் அந்த வலிமையை நாக்குக்குத் தெரியாமல் மறைத்துவிடுகின்றன. ஆதலால் கண்ணளவில் ஊற்றாமல் அளந்தே ஊற்றுங்கள். வண்டி ஓட்ட வேண்டியவருக்குக் கொடுக்காதீர்கள்.

மது அருந்தாதவர் விருந்தில் இருந்தால், பாகு காய்ச்சும்போது ஒன்றிரண்டாக இடித்த கொத்துமல்லி விதை ஒரு தேக்கரண்டி சேர்த்து, ஆறியபின் வடித்துக்கொள்ளுங்கள். அதே இலை, அதே சாறு, இந்தப் பாகு மூன்றையும் பனிக்கட்டியோடு குலுக்கி வடித்து, மேலே சோடா ஊற்றினால், ஜின் இல்லாமலேயே அந்த லினலூல் மணம் அவருடைய குவளையிலும் எழும்.