சென்ட்ரிங் இல்லாமல் எழும் வளைவுப் பாலம்

[காட்சி: லாரியில் தட்டையாகக் கிடக்கும் கான்கிரீட் வரிசை. கிரேன் கொக்கி இறங்குகிறது.]

லாரியில் ஏறும்போது இது தட்டையாகத்தான் கிடக்கும். கிரேன் தூக்கியதும் தானே வளைந்து பாலத்தின் வளைவாகிவிடும். பெயர் ஃப்ளெக்ஸிஆர்ச். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஏட்ரியன் லாங் குழுவினர், மேக்ரீட் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது.

சரி, வளைவு எதற்கு? கான்கிரீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுத்தால் சுமார் பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். நேரான பாலத்தில் பாரம் ஏறினால் அடிப்பக்கம் இழுபடும், அதனால் கம்பி போடுகிறோம். ஈரமும் உப்பும் உள்ளே போனால் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டையே பிளந்துவிடும். நல்ல வளைவில் பாரம் பெரும்பாலும் அழுத்தமாகவே இரு கரைக்கும் இறங்குகிறது.

[காட்சி: பழைய கல் பாலம், அடியில் மரச்சட்டம்]

சிக்கல் கட்டும்போதுதான். நடு உச்சிக் கல் உட்காரும்வரை வளைவு தானாக நிற்காது. அதுவரை அடியில் சென்ட்ரிங், அதாவது தற்காலிகத் தாங்கு சட்டம் வேண்டும். ஓடும் ஆற்றிலும் ரயில் பாதையிலும் அதை எங்கே ஊன்றுவது?

ஃப்ளெக்ஸிஆர்ச் இதைத் தீர்க்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆப்பு வடிவக் கட்டிகளைத் தொழிற்சாலையில் வரிசையாக வைக்கிறார்கள். மேல் விளிம்புகள் தொட்டுக்கொண்டிருக்கும், கீழே இடைவெளி. மேலே பாலிமர் வலை விரித்து மெல்லிய கான்கிரீட் பூச்சு. தூக்கும்போது கடை ஷட்டர் போல மூட்டுக்கு மூட்டு மடங்கி, கட்டிகளின் சொந்த எடையிலேயே இடைவெளிகள் மூடிக்கொள்கின்றன. உள்ளே துருப்பிடிக்கக் கம்பியே இல்லை. நடுவில் தூண் வேண்டாம் என்பதால் ஓடையின் இயல்பான படுகை அப்படியே இருக்கும், மீன்களுக்கும் தடையில்லை.

[காட்சி: வளைவின் இருபுறமும் மண்]

அப்புறம் வருவது மண் நிரப்புதல். எந்த ப்ரீகாஸ்ட் (முன்பே வார்த்துக் கொண்டுவரும்) வளைவுக்கும் ஆபத்தான கட்டம் இதுதான். இங்கிலாந்தின் ஜெரார்ட்ஸ் கிராஸில் ரயில் பாதை மேல் ப்ரீகாஸ்ட் வளைவுகள் வைத்து, மண் மூடி, அதன்மேல் சூப்பர் மார்க்கெட் கட்டத் திட்டமிட்டார்கள். அவை ஃப்ளெக்ஸிஆர்ச் அல்ல, வேறு வகை வளைவுகள். 2005 ஜூன் 30 அன்று, மண் நிரப்பும் கட்டத்திலேயே ஒரு பகுதி சரிந்து தண்டவாளத்தில் விழுந்தது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. ரயில் போக்குவரத்து வாரக்கணக்கில் நின்றது.

பக்கத்து மண் வளைவை இறுக்கிப் பிடித்து வடிவம் மாறாமல் காக்கிறது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் உயர்ந்தால் வளைவு மறுபக்கம் தள்ளப்படும். பக்கங்களில் போதிய மண் இல்லாமல் உச்சியில் கொட்டினால் உச்சி தாழ்ந்து, தோள்கள் வெளியே பிதுங்கும். அதனால் மெல்லிய அடுக்குகளாக, இருபுறமும் மாற்றி மாற்றி, மட்டம் அளந்துகொண்டே ஏற்ற வேண்டும். கனமான ரோலரை வளைவை ஒட்டி ஓட்டக் கூடாது. அங்கே கையால் இயக்கும் சிறிய இயந்திரத்தால்தான் மண்ணை இறுக்க வேண்டும்.