மனத்தைக் கழுவும் வரிசை: எண்வழிப் பாதையை எங்கே தொடங்குவது?

[காட்சி: கொழும்பு செட்டியார் தெரு, நகைக்கடைப் பலகைகள்]

குரல்: பொன் துகளை யாரும் மண்ணும் கல்லுமாக உருக்கும் மூசையில் போடுவதில்லை. மனம் தூய்மையாவதை, பாளி பௌத்த நூல் தொகுதிகளில் ஒன்றான அங்குத்தர நிகாயத்தில் புத்தர் இந்தத் தொழிலை வைத்தே விளக்குகிறார். முதலில் தொட்டியில் இட்டு மண்ணும் சரளையும் போகக் கழுவுவார்கள். பிறகு பொடிக்கல்லும் பருமணலும் போகும். கடைசியில் நுண்மணலும் கருந்தூளும். அதற்குப் பின்தான் நெருப்பு.

மனத்திலும் அப்படியே. உடல், சொல், எண்ணம் மூன்றாலும் செய்யும் தீமைதான் பருத்த அழுக்கு. ஆசை, பகை, பிறரை வருத்தும் எண்ணம் ஆகியவை நடுத்தரம். உறவினர், ஊர், 'என்னை யாரும் குறைவாக எண்ணிவிடக் கூடாது' என்ற நினைவு, இவை நுண்ணிய அழுக்கு.

[எழுத்தில்: புத்தர் சொன்ன எண்வழிப் பாதையின் எட்டு உறுப்புகள் - நற்காட்சி, நல்லூற்றம் (நல்லெண்ணம்), நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை, நன்முயற்சி, நற்கடைப்பிடி, நல்லமைதி]

குரல்: எட்டில் ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்தது என்று நினைக்காதீர்கள். காட்சி, முயற்சி, கடைப்பிடி மூன்றும் மற்றவற்றோடு கூடவே ஓட வேண்டும். வாயில் வரப்போவது பொய் என்று அறிவது காட்சி. அதைக் கைவிட முனைவது முயற்சி. விழிப்போடு விடுவது கடைப்பிடி.

தியானத்தில் கண்ணை மூடியதும் மனம் கொதிக்கிறதா? பெரும்பாலும் அது பகலில் பேசிய பேச்சு. ஆகவே நல்வாய்மையில் தொடங்குங்கள். பொய், கோள், கடுஞ்சொல், வீண்பேச்சு என்ற நான்கில் வாரத்துக்கு ஒன்றை மட்டும் எடுங்கள். கொழும்பின் காலி வீதி நெரிசலில் ஓட்டோக்காரரோடு வாய்த்தர்க்கம் வரும்போதும், அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒருவரைப் பற்றித் தட்டச்சு செய்யும்போதும் ஐந்து கேள்விகள்: இது நேரமா, உண்மையா, மென்மையா, பயன் உண்டா, அன்போடு சொல்கிறேனா? ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் அனுப்ப வேண்டாம்.

தொழிலில் விலக்க வேண்டியவை ஐந்து வாணிபங்கள்: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, போதை தருவன, நஞ்சு.

[காட்சி: போயா நாள், விகாரையில் வெள்ளுடை அணிந்தோர்]

குரல்: பௌர்ணமி நாளான போயா, இங்கே இலங்கையில் விடுமுறை நாள். அன்று எட்டுச் சீலம் என்ற எட்டு ஒழுக்க நெறிகளை எடுப்பவர்கள் நண்பகலுக்குப் பிறகு உணவு உண்பதில்லை. வீட்டிலிருந்தும் இதைப் பழகலாம். மாதம் ஒரு நாள் ஆசையைக் கிட்ட இருந்து பார்க்க இது மிக நல்ல வாய்ப்பு.

அடுத்தது நடுத்தர அழுக்கு. தினமும் 20 நிமிடம் மூச்சைக் கவனித்து அமருங்கள். தீய எண்ணம் எழுந்தால் மஜ்ஜிம நிகாயம் என்ற மற்றொரு தொகுதி ஐந்து வழி தருகிறது. வரிசை முக்கியம். பகை வந்தால் முதலில் மைத்திரியை, அதாவது எல்லோருக்கும் நலம் விழையும் அன்பை, நினையுங்கள். போகவில்லையா, அந்த எண்ணம் தரும் கேட்டை எண்ணிப் பாருங்கள். அடுத்து, அதைப் பொருட்படுத்தாமல் விடுங்கள். பிறகு அது எதிலிருந்து கிளம்பியது என்று பார்த்து, வேகத்தைத் தணியவிடுங்கள். இவை எதுவும் பலிக்காதபோதுதான் பல்லைக் கடித்து, நாவை மேலண்ணத்தில் அழுத்தி, மனத்தை மனத்தால் அடக்குவது. எடுத்த எடுப்பிலேயே இந்தக் கடைசி வழிக்குப் போகிறவர்களுக்கு உடல் இறுகலாம், பதற்றம் கூடலாம்.

நுண்ணிய அழுக்கை இப்போதே தேடிப் போகாதீர்கள். பருத்தது குறையும்போது அது தானாகத் தெரியவரும்.

மதிய வெக்கையில் அமர்ந்தால் தூக்கம் வரும். தம் சீடர் மொக்கல்லானருக்கு புத்தர் சொன்ன மாற்றுகள் இன்றும் உதவும்: கற்றதை வாய்விட்டு ஓதுங்கள், காதுகளை இழுத்துவிடுங்கள், முகம் கழுவுங்கள், எழுந்து நடங்கள். அப்படியும் கண் சொருகினால் வலப்பக்கம் சாய்ந்து படுங்கள். எழும் நினைவோடு படுத்து, விழித்ததும் உடனே எழுந்துவிடுங்கள்.