துளியை இழுத்துச் செல்லும் காந்தம்

நண்பர்களே, மழை விட்டதும் சேப்பங்கிழங்கு இலையை ஆட்டிப் பார்க்காதவர் இந்த அரங்கில் இருக்க மாட்டார். துளி உடையாமல் உருளும், இலை நனையாது. அந்த இலை இருந்த இடத்தில் டெஃப்லான் பூசிய ஒரு கண்ணாடித் துண்டை வையுங்கள். துளி ஆவியாகிவிடாமல் இருக்க மேலே கொஞ்சம் எண்ணெயை ஊற்றுங்கள். ஆய்வகம் பாதி தயார்.

மீதிப் பாதி துளிக்குள் இருக்கிறது. இரும்பு ஆக்சைடு கொண்ட நுண்மணிகள், மேலே கண்ணாடியின் மூலப்பொருளான சிலிகாவின் பூச்சு. அடியில் காந்தத்தை வைத்தால் பழுப்புப் பொடி போலக் கிடந்த மணிகள் சட்டென்று ஒரு புள்ளியில் குவியும். காந்தத்தை நகர்த்தினால் துளியும் கூடவே வரும். அவசரப்பட்டு வேகமாக இழுத்தால் காந்தம் மட்டும் முன்னே போய்விடும், துளி நின்ற இடத்திலேயே நிற்கும். காந்தத்தை எடுத்துவிட்டால் மணிகள் தம் காந்தத்தன்மையை இழந்து மறுபடி பரவத் தயாராகிவிடும். இந்தக் குணம் இல்லையென்றால் அவை கட்டியாகி, வேலையே கெட்டுவிடும்.

இதனால் என்ன பயன்? 2007இல் சிங்கப்பூரில் ஒரு குழு தொண்டையிலிருந்து துடைத்தெடுத்த மாதிரியில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸை இப்படி ஒரு துளிக்குள்ளேயே கண்டறிந்து காட்டியது. ஆன நேரம் 28 நிமிடத்துக்கும் குறைவு. முதல் துளியில் வைரஸ் உடைகிறது, வெளிவரும் அதன் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. உப்புக் கரைசலின் உதவியால் மணியின் சிலிகாவில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த துளிகளில் மணிகளைக் கழுவுகிறார்கள். கடைசித் துளியில் பி.சி.ஆர்., அதாவது மரபுப்பொருளைப் பல மடங்கு பெருக்கிக் கண்டறியும் சோதனை, நடக்கிறது. பம்பும் கிடையாது, வால்வும் கிடையாது.

கேட்கும்போது எளிதாகத்தான் இருக்கும். என்னைக் கேட்டால், கடினமான இடம் கழுவும் இடம்தான். பழைய துளியைப் பின்னால் விட்டுவிட்டு மணிகள் மட்டும் அடுத்த துளிக்குப் போக வேண்டும். ஆனால் மணிகளை வெளியே விடாமல் துளிக்குள் பிடித்து வைத்திருப்பது அதன் பரப்பு இழுவிசை. அதனால் வழியில் சிறு மேடுகளைக் கட்டி, நடுவே ஒரு குறுகிய சந்து விடுகிறார்கள். துளி மேட்டில் தடுபட்டு நிற்கும். காந்தம் மணிகளைச் சந்து வழியே உருவி எடுக்கும். அப்போதும் மணிகளோடு ஒரு மெல்லிய ஈரம் போகத்தான் செய்யும். அந்த ஈரத்தில் முதல் கரைசலின் உப்போ கழுவிய ஆல்கஹாலோ மிஞ்சினால் பி.சி.ஆர். நொதி படுத்துவிடும். நோயாளிக்கு நோய் இருக்கும், முடிவோ இல்லை என்று வரும்.

‘கையடக்க ஆய்வகம்’ என்று விளம்பரம் செய்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: துளிகள் ஓடும் கண்ணாடிச் சில்லு கையில் அடங்குகிறது, சரி. துளியைச் சுமார் 95 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் மாற்றிமாற்றிச் சூடாக்கும் அடுப்பும், அது ஒளிர்வதை அளக்கும் கருவியும், அவற்றுக்கு வேண்டிய மின்சாரமும் எந்தப் பையில் இருக்கின்றன?